50 ஆம்பியர் கேட்டால் 25 மட்டுமே வருவது ஏன்?

பந்திங்கிலிருந்து மோரிப் போகும் பக்கம், செம்பனை மரங்களுக்குப் பின்னால், ஒருவர் திலாப்பியா மீன் வளர்க்கிறார். குளம் இருக்கும் இடம்வரை மின்கம்பி போகவில்லை. கொட்டகைக் கூரையில் எட்டுச் சூரியத் தகடுகள், உள்ளே இரண்டு லித்தியம் பேட்டரிப் பெட்டிகள், இரவு முழுக்க நீருக்குள் காற்றை ஊதும் இரண்டு பம்புகள். அவருடைய மின்நிலையம் அவ்வளவுதான். இதே கோல லங்காட் மாவட்டத்தில், தஞ்சோங் டுவா பெலாஸ் வட்டாரத்தில், தெனாகா நேஷனலின் 50 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2018 முதல் இயங்குகிறது. அது மின்சாரத்தை நேரே நாட்டின் மின்கட்டமைப்புக்கு அனுப்பிவிடும். குளத்துக்காரரோ பகலில் கிடைப்பதைச் சேமித்தால்தான் இரவை ஓட்ட முடியும்.

அவருக்கு வந்த சிக்கல் இது. நண்பகல், மேகமில்லாத வானம், பேட்டரியில் 60 விழுக்காடு மட்டுமே இருக்கிறது. கட்டுப்பாட்டுத் திரையில் ‘மின்னேற்ற உச்சவரம்பு 50 ஆம்பியர்’ என்று வைத்திருக்கிறார். உள்ளே போவதோ 25. வரம்பை 70 ஆக உயர்த்திப் பார்த்தார். அப்போதும் அதே 25.

பேட்டரி நிறையாவிட்டால் என்ன ஆகும்? குளத்திலுள்ள பாசி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைத் தருகிறது. இருட்டியதும் பாசி, மீன், நுண்ணுயிர் எல்லாமே அதைச் சுவாசித்துக் குறைக்கின்றன. அதனால் நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்புதான். அந்த நேரத்தில் பம்பு நின்றால் காலையில் மீன்கள் செத்து மிதக்கும்.

சரி, எதற்கு இந்த உச்சவரம்பு? மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. நுழைவதற்கு நேரம் வேண்டும். அளவுக்கு மீறி விரட்டினால் உள்ளே போக முடியாதவை கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். கொள்ளளவு குறையும். மோசமான நிலையில் உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படும். இவருடைய பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, மற்ற லித்தியம் வகைகளைவிடச் சாதுவானது. இந்தப் பொருளை 1990களில் உலகுக்குக் காட்டியது ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு. அதற்கு வழி திறந்தது 1980களில் அவரோடு பாலிஅயனிச் சேர்மங்களை ஆராய்ந்த ஆறுமுகம் மந்திரம், தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர். 2019இல் குட்இனஃப் 97 வயதில் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் இவரே.

எவ்வளவு சாதுவானாலும் வரம்பு வரம்புதான். ஒவ்வொரு பெட்டியும் 50 ஆம்பியர்-மணி. ஒவ்வொன்றும் 25 ஆம்பியர் வரை ஏற்கும். இரண்டு சேர்ந்தால் 50.

இனிச் சாதனங்களைப் பார்ப்போம். தகடுகளுக்கும் பேட்டரிக்கும் இடையில் இரண்டு சார்ஜர்கள், ஒவ்வொன்றும் 35 ஆம்பியர் தரக்கூடியவை. ஒன்றுக்கொன்று பேசாமல் தனித்தனியே இயங்கினால், ‘50க்குள்தானே இருக்கிறேன்’ என்று ஒவ்வொன்றும் 35 தரும். பேட்டரிக்கு 70 போய்ச் சேரும். ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை வெளியேறுவதற்குச் சமம். கிர்க்காஃப் இந்த விதியை 1845இல், 21 வயது மாணவராக இருந்தபோதே எழுதிவிட்டார். (படிவம் ஐந்து மாணவர்கள் கவனிக்க!) ஆகவே ஒரு மையச் சாதனம் பேட்டரி முனையில் மின்னோட்டத்தை அளந்து, இரு சார்ஜர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறது.

அன்று திரையில் இருந்த கணக்கு: சார்ஜர்கள் 15 + 15 = 30 ஆம்பியர். பம்புகளுக்கு 250 வாட். ஏறத்தாழ 50 வோல்ட்டில் 5 ஆம்பியர். மீதி 25 பேட்டரிக்கு. கணக்கு இடிக்கவில்லை. அப்படியானால் தகடுகளால் அவ்வளவுதான் தர முடிகிறதா, அல்லது யாராவது தடுக்கிறார்களா?

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், சோறாக்கும் குக்கர் போதும். 700 வாட் குக்கரைப் போட்டால் சுமை 14 ஆம்பியர் கூடும். தகடுகளில் சக்தி மிச்சமில்லை என்றால், அந்த 14 பேட்டரியின் பங்கிலிருந்து போகும். 25 என்பது 11 ஆகும். ஆனால் அங்கே நடந்தது வேறு. சார்ஜர்கள் 44க்கு ஏறின, பேட்டரி அதே 25இல் நின்றது. தகடுகள் குற்றமற்றவை. சார்ஜர்களும்தான். பேட்டரிக்கு 25க்கு மேல் போகாதபடி யாரோ காவல் காக்கிறார்கள்.

அந்தக் காவலாளி பேட்டரிக்குள்ளேயே இருக்கும் பி.எம்.எஸ். என்ற மின்சுற்று. மின்கலன்களின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் பார்த்து, ‘இப்போது இவ்வளவுதான் ஏற்பேன்’ என்று மையச் சாதனத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். உரிமையாளர் வைத்த எண், பி.எம்.எஸ். சொல்லும் எண், சார்ஜர்களின் திறன் ஆகியவற்றில் எது ஆகச் சிறியதோ அதுவே செல்லும். 50ஐ 70 ஆக்கியும் பலனில்லாததற்குக் காரணம் அதுதான். என்னைக் கேட்டால் அது நல்லதும்கூட.

பேட்டரிப் பக்கத்தைத் திரையில் திறந்தபோது, ‘ஏற்கும் அளவு: 25’ என்று இருந்தது. அதற்குக் கீழே, ‘இணைந்த பெட்டிகள்: 1’. இரண்டாவது பெட்டி அணைந்துகிடந்தது. இரண்டையும் இணைக்கும் தொடர்புக் கம்பியின் முனை, கொக்கி உடைந்து, பாதி வெளியே வந்திருந்தது.

ஒரே பெட்டி என்றால் 48 வோல்ட் × 50 ஆம்பியர்-மணி = 2.4 கிலோவாட்-மணி. அது முழுதாக நிறைந்தாலும் 250 வாட் பம்புகளை 9.6 மணி நேரம்தான் ஓட்டும். இரவு 7 மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை 4.36; இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் முன்னதாகவே நின்றுவிடும். நம்மூரில் வெயில் வர ஏழு மணி தாண்டிவிடும்.

கம்பியை மாற்றியது மின் தொழில்நுட்பர். அவரும் உடனே இணைத்துவிடவில்லை. ஒரு பெட்டி அதிகமாகவும் மற்றது குறைவாகவும் நிறைந்திருந்தால், இணைத்த கணத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரும் மின்னோட்டம் பாயும். இரண்டின் மின்னழுத்தத்தையும் சமமாக்கிய பிறகே சேர்த்தார். மாணவர்களே, 48 வோல்ட்தானே என்று பேட்டரி முனைகளில் கை வைக்காதீர்கள். முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். திரையைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு. சரியான பிறகு வரம்பு 50. பகல் சுமை பம்புகளின் 5 ஆம்பியர் மட்டும். மழைக்காலத்துக்காக அவர் ஜெனரேட்டரில் ஓடும் பழைய சார்ஜர் ஒன்றைப் பேட்டரியோடு சேர்க்கிறார். அது 20 ஆம்பியர் தரும். தொடர்புக் கம்பி இல்லாததால் யார் பேச்சையும் கேட்காது. நல்ல வெயிலில் அதை ஓட்டினால், மையச் சாதனம் பேட்டரி முனையில் அளக்கும்போது இரு சூரிய சார்ஜர்களும் சேர்ந்து எவ்வளவு தரும்? முனையில் அளக்காமல், சூரிய சார்ஜர்களின் எண்களைக் கூட்டிப் பம்புகளின் சுமையை மட்டும் கழித்துப் பார்த்தால், பேட்டரிக்குள் எத்தனை ஆம்பியர் போகும்?