மூச்சு விடுதலும் உயிர் விடுதலும்

ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வரலாற்றைக் கூறுமுன் என் பிழை ஒன்றைக் கூறிவிடுகிறேன்.

தளியை அடுத்து, கருநாடக எல்லையை ஒட்டிக் காடு சூழ்ந்து கிடக்கும் ஊர் ஜவளகிரி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் அங்கே ஒரே தெருவில் வழங்கும். வீட்டில் கன்னடம் பேசும் சிறுவன் ஒருவன், அறிவியல் தேர்வில், ‘மனிதன் நிமிடத்துக்கு 15 முறை உயிர் விடுகிறான்’ என்று எழுதியிருந்தான். நான் அதனை வகுப்பில் உரக்கப் படித்தேன். ‘இவன் கணக்குப்படி மாலை மணி அடிக்கும்போது நம்மில் ஒருவரும் இருக்க மாட்டோம்’ என்று வேறு சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் ஒரு கேள்விக்கேனும் கை தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஆங்கிலப் பாடத்துக்காக ‘எக்ஸ்பையர்’ என்னும் வினையை அகராதியில் தேடினேன். ‘மூச்சை வெளிவிடு’ என்பது ஒரு பொருள். ‘இற’ என்பது மற்றொன்று. திடுக்கிட்டேன்.

இலத்தீனில் ‘ஸ்பிராரே’ என்றால் மூச்சு விடுதல். ‘எக்ஸ்’ என்றால் வெளியே. இன்ஸ்பையர், ரெஸ்பையர் ஆகியவற்றில் நிற்கும் எஸ் எழுத்து இதில் எங்கே போயிற்று என்று வினவும் மாணவர் உண்டு. நல்ல வினாவே. எக்ஸின் ஒலியிலேயே ‘ஸ்’ அடங்கியிருத்தலால், அடுத்து வந்த எஸ் அதனுள் கரைந்துவிட்டது. வெளிச்சென்ற மூச்சு மீளாதபோது அதுவே இறுதி மூச்சு. ஆதலின் அச்சொல் இறத்தலையும் குறித்தது. பின்னர்க் குத்தகையும் உரிமமும் மருந்தும்கூட ‘எக்ஸ்பையர்’ ஆயின. நாம் வழங்கும் ‘காலாவதி’ என்னும் வடசொல்லிலோ மூச்சே இல்லை. கால எல்லை என்பதே அதன் பொருள். உடலியல் நூல்களில் மட்டும் மூச்சை வெளிவிடுதல் என்னும் பழம்பொருள் இன்றும் வாழ்கிறது.

இனி அச்சிறுவனிடம் வருவோம். கன்னடத்தில் ‘உசிரு’ என்றால் மூச்சு. ‘உசிரு பிடு’ என்றால் மூச்சு விடு. நம் உயிரும் அந்த உசிரும் ஒரே வேரின. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இரண்டையும் சேர்த்தே வைத்துள்ளது. தமிழின் யகரம் கன்னடத்தில் சிலவிடத்துச் சகரமாக நிற்கும். நம் ‘பெயர்’ அங்கே ‘ஹெசரு’. நம் பயறும் அங்கே ஹெசருதான். கடைக்காரர் எப்படிப் பிரித்தறிகிறாரோ! பழந்தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதலே. பெருமூச்சை ‘நெட்டுயிர்ப்பு’ என்றனர். நாம் அப்பொருளைப் பெரும்பாலும் கைவிட்டோம். கன்னடியர் கைவிடவில்லை.

‘உயிர் விடுகிறான்’ என்றது இன்றைய தமிழ் வழக்குக்குப் பிழைதான், திருத்த வேண்டியதுதான். நகைத்திருக்க வேண்டியதில்லை. இலத்தீன்காரன் ஒரு சொல்லில் சேர்த்து வைத்த இரு பொருள்களுக்கு இடையிலேதான் பையன் தடுக்கி விழுந்திருந்தான்.

இஃது எனக்கு விளங்கியபோது அவன் பள்ளியை விட்டுப் போயிருந்தான். அடுத்த நாள் வகுப்பில் எக்ஸ்பையர், உயிர், உசிரு என மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். கன்னட வீட்டுப் பிள்ளைகள் இருவர் கை தூக்கினர்.