பழைய பேய்ப் படங்களும் பார்த்தவர் கருத்தும்

அச்சமூட்டும் படம் என்று பெயர்பெற்ற ஒன்றைப் பார்த்து முடித்தபின், இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம், தான் தோன்றிய நூறாவது ஆண்டாகிய 2012-இல், தன் பழம்பெரும் பேய்ப் படங்களுள் எட்டினைப் புதுக்கி, புளூ-ரே ஒளித்தட்டுத் தொகுப்பாக வெளியிட்டது. அதனை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தவர் பலரும் எழுப்பும் வினா இதுவே. வேறு சிலரோ, இப்படங்களுக்கு நிகராக இனி ஒன்றும் வராது என்று அடித்துக் கூறுகின்றனர். இரு சாராரும் ஒன்றைக் கவனியாது விட்டனர் என்பது என் எண்ணம்.

எட்டுப் படங்கள் எவை என்பதை முதலில் கூறிவிடுகிறேன். 'டிராகுலா', 'பிராங்கென்ஸ்டைன்' ஆகிய இரண்டும் 1931-இல் வந்தவை. எகிப்தியப் பிணத்தின் கதையான 'மம்மி' 1932. 'புலப்படா மனிதன்' 1933. 'பிராங்கென்ஸ்டைனின் மணமகள்' 1935. 'ஓநாய் மனிதன்' 1941. பாரிஸ் இசையரங்கில் மறைந்து வாழ்பவனைப் பற்றிய வண்ணப்படம் 1943. அமேசான் காயலில் வாழும் விந்தை உயிரைப் பற்றிய படம் 1954. வண்ணப்படம் அந்த ஒன்றுதான். மற்றவை யாவும் கறுப்பு வெள்ளை.

படத்தின் தெளிவைப் பற்றி மாறுபட்ட கருத்து அதிகம் இல்லை. கீறலும் புழுதியும் நீங்கி, நிழலுக்குள் நிழல் தெரியும்படி இருக்கிறது என்று பார்த்தோர் மகிழ்கின்றனர். பூசல் தொடங்குவது 'டிராகுலா'விடத்தில்தான். அது மெல்ல நகர்கிறது, இடையிடையே ஒரே நிசப்தம், இசையே இல்லை என்பது குறை. உண்மைதான். பேசும் படம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது சைக்காவ்ஸ்கியின் 'அன்ன ஏரி' இசை சிறிது ஒலிக்கும். அதன்பின் பின்னணி இசை அறவே இல்லை என்று சொல்லிவிடலாம். இக்குறையைப் போக்க பிலிப் கிளாஸ் பிற்காலத்தில் அமைத்த இசையும் தொகுப்பில் உண்டு. வேண்டுவோர் அதனுடன் பார்க்கலாம். நான் இருவகையிலும் பார்த்தேன். இசை சேர்ந்ததும் படம் அழகுபெறுகிறது, அச்சம் குறைகிறது. ஆளரவமற்ற கோட்டையின் படிக்கட்டில் ஒருவன் விளக்கோடு இறங்கி வரும்போது, பக்கத்தில் யாரும் வயலின் வாசிக்காமல் இருப்பதே நல்லது.

டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பேச்சும் நகைப்புக்கு இலக்காகிறது. சொல்லைச் சொல்லாகப் பிரித்து, வல்லெழுத்தை அழுத்தி, ஆங்கிலத்தை அவர் இழுத்துப் பேசுவதைச் சிறுவர்கள் பழித்துக் காட்டுகின்றனர். அவர் ஹங்கேரி நாட்டவர். 1919-இல் அங்கு நடந்த புரட்சி தோற்றபின் நாட்டைவிட்டு வெளியேறி, 1920-இன் இறுதியில் கப்பலேறி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். ஆங்கிலம் அவருக்கு நடுவயதில் வந்த மொழி. லுகோசி என்பதும் அவர் குடும்பப் பெயர் அன்று. பிறந்த ஊராகிய லுகோஸையே பெயராக்கிக் கொண்டார். ஊரைப் பெயருக்கு முன்னே சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரியும் நம்மவர்க்கு இது விளங்காத செய்தி அன்று. வேற்று மொழிப் பேச்சைக் கற்று அலுவலகத்தில் முதன்முதல் வாய்திறந்த நாளை நினைத்துப் பார்ப்பவர், அந்த இழுவையைக் கேட்டுச் சிரிக்கத் தயங்குவர்.

இன்னொரு புதுமையும் இத்தொகுப்பில் உண்டு. பகலில் ஆங்கில 'டிராகுலா' எடுக்கப்பட்ட அதே அரங்குகளில், இரவில் வேறொரு குழு அதே கதையை ஸ்பானிய மொழியில் எடுத்தது. ஒளிப்பதிவிலும் ஓட்டத்திலும் இரவுப் படமே சிறந்தது என்று வாதிடுவோர் ஏராளம். எனக்கும் அது உடன்பாடே. ஆனால் லுகோசி இல்லாத டிராகுலா, கதாநாயகன் இல்லாத கூத்து.

அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்பது தொல்காப்பியம். டிராகுலா அணங்கு, ஓநாய் மனிதன் விலங்கு, உருவம் மறைத்துத் திரிபவன் கள்வன். அயலான் என்பவன் அந்தப் பட்டியலில் இல்லை. இப்படங்களிலோ அவன்தான் எங்கும் நிற்கிறான். அவற்றை ஆக்கியவர்களும் அயலாரே. நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் முதல்வரான கார்ல் லெம்லி ஜெர்மனியின் லௌப்ஹைம் ஊரிலிருந்து 1884-இல் பதினேழு வயதில் வந்தவர். 1930-களில் அங்கிருந்து தப்ப முயன்ற யூதக் குடும்பங்கள் பலவற்றிற்கு அமெரிக்கா வரப் பிணைநின்றவர். 'டிராகுலா'வின் ஒளிப்பதிவாளரும் 'மம்மி'யின் இயக்குநருமான கார்ல் பிராயிண்ட், ஜெர்மன் திரையுலகில் புகழ்பெற்ற பின் வந்தவர். 'ஓநாய் மனிதன்' கதையை எழுதிய கர்ட் சியோட்மாக், நாஜி ஆட்சி வந்தபின் நாடு துறந்த யூதர். அடுத்துச் சாகப்போகிறவரின் உள்ளங்கையில் ஐம்முனை நட்சத்திரம் ஓநாய் மனிதனின் கண்ணுக்குத் தோன்றும் என்பது அக்கதை. நட்சத்திரக் குறியிட்டு மனிதரைப் பிரித்த அந்தக் காலத்தை நினைத்து அக்காட்சியைப் பார்ப்பவர் உண்டு. அவர்களுக்கு இது பொழுதுபோக்காக இராது.

இத்தனை படங்களுள் என் மனத்தைவிட்டு நீங்காதது 'பிராங்கென்ஸ்டைன்'. அதில் ஒரு காட்சி நெடுங்காலம் வெட்டப்பட்டிருந்தது. ஏரிக்கரையில் ஒரு சிறுமி அந்தப் பூதத்தைக் கண்டு அஞ்சாமல், விளையாட அழைக்கிறாள். பூக்களை நீரில் எறிந்தால் ஓடம்போல் மிதக்கும் என்று காட்டுகிறாள். அதுவரை எவரும் பரிவோடு பேசியறியாத பூதம் மகிழ்ந்து சிரிக்கிறது. கையிலிருந்த பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. பூவைப்போல் அழகாயிருக்கும் சிறுமியும் மிதப்பாள் என்று நம்பி, அவளைத் தூக்கி நீரில் எறிகிறது. அவள் மூழ்குகிறாள். செய்வதறியாது பதறி ஓடுகிறது. குழந்தை சாவதைக் காட்டலாகாது என்று தணிக்கையாளர் இதை வெட்டினர். விளைந்தது என்ன? பூதம் சிறுமியை நோக்கிக் கை நீட்டுவதும், பின்னர்த் தந்தை அவள் பிணத்தை ஏந்தி வருவதும் மட்டும் எஞ்சின. இடையில் நடந்ததைப் பார்ப்பவர் தாமே கற்பித்துக்கொண்டனர். கற்பித்தது உண்மையினும் பன்மடங்கு கொடியது. அறியாமையால் நேர்ந்த பிழை, வெட்டிய கத்தரிக்கோலால் பாதகமாகிவிட்டது. 1980-களில் அக்காட்சி மீண்டும் சேர்க்கப்பட்டது. ஒளித்தட்டில் முழுமையாக இருக்கிறது. பார்த்தபின் படம் பயமாக இல்லை என்பவர்களோடு நான் வாதிட மாட்டேன். தொண்டை அடைத்ததா என்று மட்டும் கேட்பேன்.

அந்தப் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் இயற்பெயர் வில்லியம் பிராட். ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் நாள்தோறும் ஏறக்குறைய நான்கு மணிநேரம் உழைத்து அந்த முகத்தை ஆக்கினார். கார்லாஃபின் தந்தை இந்தியாவில் உப்புவரித் துறையில் பணியாற்றிய ஆங்கிலோ-இந்தியர் என்பது நம்மவரில் பலர் அறியாதது. கார்லாஃப் 1909-இல் இங்கிலாந்தைவிட்டுக் கனடா சென்று, கூலிவேலை செய்து, நாடகக் குழுக்களில் அலைந்தவர். 'பிராங்கென்ஸ்டைன்' வந்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

'மணமகள்' படமே எட்டினுள் தலையாயது என்பது பெரும்பாலோர் கருத்து. அதில் வரும் நகைச்சுவை அளவு மீறியது என்போரும் உளர். காட்டுக் குடிசையில் கண்ணிழந்த முதியவர் ஒருவர் பூதத்திற்கு உணவளித்துப் பேசக் கற்பிக்கிறார். ரொட்டி, நண்பன் என்பன போன்ற சொற்களை அது தட்டுத் தடுமாறிச் சொல்லும் இடத்தில் என் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. ஹிந்தி பேசத் தெரியாமல் காய்கறிக் கடையில் விரலால் காட்டி வாங்கிய நாட்களைப் பின்னர் அத்தை நினைவுகூர்ந்தார்.

'மம்மி' டிராகுலாவின் கதையையே எகிப்திய ஆடையில் சொல்கிறது என்ற குறையை மறுப்பதற்கில்லை. இசையரங்குப் படத்தில் பாட்டு மிகுதி, பேய் குறைவு. 'புலப்படா மனிதன்' இன்றும் வியப்பூட்டுவது. நடிகருக்குக் கறுப்பு வெல்வெட் போர்த்தி, அதன்மேல் சட்டை அணிவித்து, கறுப்புத் திரைமுன் நிறுத்திப் படமெடுத்து, பின் வேறு படத்தோடு இணைத்தார்கள் என்று சொன்னால் சிறுவர் நம்ப மறுக்கின்றனர். காயல் படத்தில் நீருக்கடியில் எடுத்த காட்சிகளைப் புகழாதார் இல்லை. ஆனால் அதில் முறை மாறிவிடுகிறது: காயல் அந்த உயிரின் சொந்த வீடு, அயலூரிலிருந்து வலையோடும் துப்பாக்கியோடும் வருபவர்கள் மனிதர்கள்.

வாங்கிப் பார்ப்போர்க்கு ஒரு சிறு குறிப்பு. தொடக்கத்தில் ஓடும் பெயர்களைத் தாண்டிவிடாதீர்கள். 'பிராங்கென்ஸ்டைன்' படத்தில் பூதமாக நடித்தவர் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டுமே இருக்கும். நான்கு ஆண்டு கழித்து வந்த 'மணமகள்' படத்திலோ கார்லாஃப் என்ற ஒரே சொல் பெரிய எழுத்தில் முன்னே வரும். கேள்விக்குறியும் அங்கு இல்லாமல் இல்லை. புதிதாக வந்து சேரும் மணமகளின் பெயருக்கு நேரே அது இடம்மாறி நிற்கும்.