புலப்படாத மாற்றுத்திறனும் பொது வசதிகளும்

புலப்படாத மாற்றுத்திறன் என்பது, பார்த்தவுடன் பிறருக்குத் தெரியாத, ஆனால் ஒருவரின் நடமாட்டத்தையோ உடல் வலுவையோ புலன்களையோ மனநிலையையோ நீண்டகாலம் பாதிக்கும் குறைபாட்டைக் குறிக்கும். இத்தகையோரில் பலர் சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்துவதில்லை. ஆகவே மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்ட வாகன நிறுத்துமிடத்தையும் கழிப்பறையையும் இவர்கள் பயன்படுத்தும்போது, அதைத் தவறான பயன்பாடு என்று எண்ணிப் பிறர் தடுப்பதுண்டு. இந்தியச் சட்டம் இவ்வசதிகளைச் சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கு மட்டும் உரியவை என்று கூறவில்லை.

குறியீடு

இவ்விடங்களைக் காட்டும் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த மாணவி சூசன் கோஃபோட் வரைந்தார். அவர் வரைந்தது ஆளில்லாத நாற்காலி. தலையைக் குறிக்கும் வட்டம் பின்னர் சேர்க்கப்பட்டது. உலகெங்கும் எளிதில் புரியும் இச்சின்னத்தால் ஒரு பக்கவிளைவும் உண்டாயிற்று. மாற்றுத்திறனாளி என்றால் நாற்காலியில் இருப்பவர் என்ற எண்ணத்தை அது வலுப்படுத்தியது.

தேவை எழும் விதம்

நுழைவாயிலுக்கு அருகில் வண்டியை நிறுத்துவதன் பயன் நடக்கும் தொலைவு குறைவதே. இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை உள்ளவர்களுக்குச் சிறு தொலைவிலேயே மூச்சு வாங்கும். ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு மூட்டுகளில் மீண்டும் மீண்டும் குருதி கசிவதால் நடை வலி மிக்கதாகும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடல் வெப்பம் ஏறினால் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். சித்திரை வெயிலில் திறந்த வெளியைக் கடப்பது இவர்களுக்குத் தனிச் சுமை. மேலும், இந்நோய்களில் பல நாளுக்கு நாள் மாறும் தன்மை கொண்டவை. நேற்று நன்றாக நடந்தவர் இன்று நடக்க இயலாமல் போகலாம்.

கழிப்பறைத் தேவைக்கும் இவ்வாறே பல காரணங்கள் உண்டு. குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகியவற்றில் மலம் கழிக்கும் உந்துதல் திடீரென வரும். வரிசையில் காத்திருக்க முடியாது. வயிற்றில் துளையிட்டு மலப்பை பொருத்தப்பட்டவர்களுக்குப் பையை வெறுமையாக்கவும் மாற்றவும் தண்ணீர், பொருள் வைக்கும் தட்டு, குப்பைத்தொட்டி, கூடுதல் இடம் ஆகியவை ஒரே அறைக்குள் வேண்டும். பொதுக் கழிப்பறைகளில் குந்தி அமரும் பீங்கான்களே மிகுதி. முடக்குவாதம் உள்ளவர்களும் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் உட்கார்ந்து எழக்கூடிய இருக்கையும் கைப்பிடியும் பல இடங்களில் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறையில் மட்டுமே இருக்கும். அந்த அறை பூட்டிக் கிடந்தால், சாவிக்காகத் தம் நோயை அறிமுகமில்லாத ஒருவரிடம் விளக்க வேண்டிய நிலை ஏற்படுகிறது.

இந்தியச் சட்டம்

1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அதற்கு மாற்றாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைகளைப் பட்டியலிட்டது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாளணு நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய், மனநோய், மதியிறுக்கம் முதலிய எளிதில் புலப்படாதவை பல இதில் இடம்பெற்றன. குரோன் நோயும் மலப்பை பொருத்தப்பட்ட நிலையும் பட்டியலில் பெயர் குறித்துச் சேர்க்கப்படவில்லை.

எனினும், மாற்றுத்திறனாளி யார் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் பட்டியலைவிட அகலமானது. நீண்டகாலக் குறைபாடு, சூழலிலுள்ள தடைகளோடு சேர்ந்து, சமூகத்தில் பிறருக்கு இணையாகப் பங்கேற்பதைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி. 40 விழுக்காடு என்ற அளவு இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட பயன்களுக்கு உரியது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் குறைபாடுடைய தேர்வர், 40 விழுக்காட்டுச் சான்று இல்லாவிட்டாலும் எழுத்தர் உதவி பெறலாம் என்று அது தீர்ப்பளித்தது.

பேருந்து நிறுத்தம், தொடர்வண்டி நிலையம், வானூர்தி நிலையம் ஆகியவற்றில் அணுகத்தக்க வாகன நிறுத்துமிடமும் கழிப்பறையும் அமைய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பிரிவு 41 கூறுகிறது. அணுகல் தரங்களைக் கட்டாய விதிகளாக்குமாறு 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கில் வேண்டுமென்றே அவமதிப்பது பிரிவு 92இன்படி குற்றம். மாற்றுத்திறனாளிகளுக்கான பயனை மோசடியாகப் பெறுவது பிரிவு 91இன்படி குற்றம்.

சான்றும் சிறு நகரங்களும்

இந்தியாவில் வாகன நிறுத்தத்துக்கென நாடு முழுவதும் செல்லும் தனி அட்டை இல்லை. நடைமுறையில் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையே சான்றாகக் காட்டப்படுகிறது. இதற்கு இணையவழி விண்ணப்பமும் மருத்துவ மதிப்பீடும் தேவை. விழுப்புரம் – கடலூர் இருப்புப்பாதையில் உள்ள நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களில் வாழ்வோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கடலூர் செல்ல வேண்டும். பட்டியலில் இல்லாத நோயுடையோருக்கு இவ்வட்டை கிடைப்பது கடினம். அவர்கள் நோயின் பெயரைவிட, நடக்க இயலாமை அல்லது உடனடிக் கழிப்பறைத் தேவை ஆகியவற்றைக் குறிப்பிடும் மருத்துவர் கடிதத்தை வைத்திருப்பது உதவும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் கூட்டாட்சி நெறிமுறையில், ஓய்வெடுக்காமல் 200 அடி நடக்க இயலாதவர் நிறுத்த அட்டை பெறலாம். தோற்றம் அளவுகோல் அன்று. இங்கிலாந்தில் நீல அட்டைத் திட்டம் 2019 ஆகஸ்ட் 30 முதல் புலப்படாத குறைபாடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்நாட்டின் பெரிய அங்காடிகள் சில, எல்லாக் குறைபாடுகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்ற அறிவிப்பைக் கழிப்பறைக் கதவுகளில் வைத்துள்ளன. 2016இல் லண்டனின் கேட்விக் வானூர்தி நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திக் கழுத்துப்பட்டை முறை, அணிபவருக்குக் கூடுதல் நேரமோ உதவியோ தேவைப்படலாம் என்பதை, நோயை வெளியிடாமலேயே பணியாளர்களுக்கு உணர்த்துகிறது. பெங்களூரு வானூர்தி நிலையமும் இம்முறையைப் பின்பற்றுகிறது.