கூலி வேலை செய்துகொண்டே ஹீப்ரு படிக்கிறார்கள்!

மார்கழி பிறந்தால் திருமலையில் சுப்ரபாதம் கிடையாது. ஏழுமலையானைத் துயில் எழுப்புவது ஆண்டாளின் திருப்பாவைதான். முப்பது பாட்டும் தமிழ். ஆனால் அதைப் பாடுகிறவர்களில் தெலுங்குக்காரர்கள் நிறையப் பேர். தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள்.

பாட்டுக்குப் பொருள் சொல்ல ஊர் ஊராக உபன்யாசம் நடக்கிறது. ஆபீஸ் விட்டு வந்த குமாஸ்தாவும், கடை அடைத்து வந்த வியாபாரியும், வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். பரீட்சை இல்லை. சர்டிபிகேட் இல்லை. சித்தூர், திருப்பதித் தமிழர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

இதே ஆந்திராவில் இன்னொரு மூலையில், இன்னொரு பழைய மொழியை இப்படித்தான் பெரியவர்கள் உட்கார்ந்து கற்றார்கள். அந்த மொழி, யூதர்களின் ஹீப்ரு!

வயல்காட்டு யூதர்கள்

திருப்பதியிலிருந்து கூடூர், நெல்லூர், ஓங்கோல் வழியாக வடக்கே போனால் குண்டூர் ஜில்லா. அங்கே சேப்ரோலு பக்கத்தில் கொத்த ரெட்டிபாலெம் என்று ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் சுமார் 40 குடும்பங்கள் தங்களை யூதர்கள் என்று சொல்லிக்கொள்கின்றன. "பெனே எப்ராயீம்", அதாவது எப்ராயீமின் பிள்ளைகள் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்.

பெரும்பாலோர் விவசாயக் கூலிகள். மாதிகா குலத்தில் பிறந்தவர்கள். தாத்தா, அப்பா காலத்தில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள். பழங்காலத்தில் இஸ்ரவேல் நாட்டிலிருந்து சிதறிப்போன பத்துக் கோத்திரங்களில் ஒன்றின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஷ்முவேல் யாக்கோபி, சாதோக் யாக்கோபி என்ற சகோதரர்கள்தான் இதற்கு முன்னால் நின்றவர்கள். 1980களில் ஷ்முவேல் ஜெருசலேம் போய் வந்தார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் இவர்கள் வெளிப்படையாக யூத முறைப்படி வாழத் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் கிராமத்திலேயே சிறிய ஜெப ஆலயம் எழும்பியது. பள்ளிக்கூடமும் அதுதான்!

வலமிருந்து இடம்

ஹீப்ருவுக்கு 22 எழுத்து. எல்லாம் மெய்யெழுத்து. உயிர் ஒலிகளை எழுத்தின் கீழும் மேலும் புள்ளி வைத்துக் காட்டுவார்கள். எழுதுவதும் படிப்பதும் வலமிருந்து இடமாக. இடமிருந்து வலமாகத் தெலுங்கு எழுதிப் பழகிய கைக்கு முதல் கஷ்டம் அதுதான். பள்ளிக்கூடமே போகாத பெரியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

வேலைக்குப் போனது போக மிச்சமுள்ள நேரத்தில்தான் படிப்பு. ஜெபங்களை முதலில் காதால் கேட்டு மனப்பாடம் செய்வது, பிறகு எழுத்தைப் பிடிப்பது, பிறகு பொருள் தெரிந்துகொள்வது என்று போகும். வெளிநாட்டு யூதர்கள் சிலரும் வந்து தங்கிக் கற்றுக்கொடுத்தார்கள்.

வழிபாட்டு இடமே படிக்கும் இடமாக இருப்பது யூதர்களுக்குப் பழைய வழக்கம். ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ஜெப ஆலயத்துக்கு "ஷூல்" என்றே பெயர். பள்ளிக்கூடம் என்று அர்த்தம். வேதமான தோராவை 54 பகுதியாகப் பிரித்து, வாரந்தோறும் வாசித்து, ஒரு வருஷத்தில் முடிப்பார்கள். முடித்த அன்றே மறுபடி முதல் வரி! பெரியவர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து உரக்க வாசிப்பார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் மடக்குவார். கேள்வி கேட்காமல் தலையாட்டுகிறவனை நல்ல மாணவன் என்று சொல்லமாட்டார்கள்.

1923-ல் வியன்னாவில் கூடிய மாநாட்டில் மேயர் ஷாபிரோ என்ற ரப்பி ஒரு யோசனை சொன்னார். உலகத்தில் எங்கே இருந்தாலும் எல்லோரும் தினம் தல்மூதில் ஒரே ஏட்டைப் படிப்பது. மொத்தம் 2,711 ஏடு. முடிக்க ஏழரை வருஷம் ஆகும். அந்தப் படிப்பு இன்றைக்கும் நடக்கிறது. வேலைக்குப் போகிற ரயிலில்கூட அன்றைய ஏட்டைப் படிப்பவர்கள் உண்டு.

பம்பாய்க் கதை

இந்தியாவில் இது முதல் தடவை அல்ல. பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கரையில் பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்துவதால் "சனிவார் தேலி", சனிக்கிழமை வாணியர் என்று ஊரார் அழைத்தார்கள். பேச்சு மராத்தி. ஹீப்ரு கிட்டத்தட்ட மறந்தேபோயிற்று. ஒரே ஒரு ஜெபம் மட்டும் நாக்கில் நின்றது. பிறகு கொச்சி யூதர்கள் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிரிமார் பள்ளிகளிலும் கற்றார்கள். இழந்த மொழி திரும்பி வந்தது.

1949-ல் இஸ்ரேலில் பல நாடுகளிலிருந்து வந்து இறங்கிய பெரியவர்களுக்காகவே ஜெருசலேமில் "உல்பான்" என்ற மொழிப் பள்ளி தொடங்கியது. டாக்டரும் தையல்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரிச்சுவடி படித்தார்கள்.

நமக்கும் ஒரு சொந்தம்

ஹீப்ரு வேதத்தில், சாலமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த பொருள்களில் "துக்கி" என்று ஒன்று வருகிறது. மயில் என்று பொருள் சொல்வார்கள். அது தமிழின் "தோகை"தான் என்று கால்டுவெல் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், இன்றைய ஹீப்ருவில் துக்கி என்றால் கிளி!

கூலி போகும், கேள்வி வரும்

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும்வரை யூதர் வேலை செய்யக்கூடாது. மாதச் சம்பளக்காரருக்கு அது ஓய்வு. தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் கூலி. நடவு, அறுப்புக் காலத்தில் வேண்டாம் என்று சொன்னால், அடுத்த நாள் கூப்பிடுவார்களா என்ற பயமும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு இஸ்ரேல் இவர்களை யூதர்கள் என்று அங்கீகரிக்கவில்லை. மணிப்பூர், மிசோராம் பக்கத்து பெனே மெனாஷே மக்களுக்கு 2005-ல் இஸ்ரேலின் தலைமை ரப்பி ஒருவர் அங்கீகாரம் தந்தார். ஆயிரக்கணக்கானோர் போய்க் குடியேறினார்கள். குண்டூர்க்காரர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

வெளிநாடு போகத்தான் இந்த வேஷம் என்று பேசுகிறவர்கள் உண்டு. கிராமத்தை நேரில் ஆராய்ந்து யூலியா எகோரோவா, ஷாஹித் பர்வேஸ் என்ற இருவர் 2013-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், தங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று நிமிர்ந்து நிற்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது அதில் தெரிகிறது. பத்திரம் இல்லை, பட்டயம் இல்லை. வருகிறவர்கள் "நீங்கள் யூதரா?" என்று கேட்டால், இவர்களிடம் காட்ட இருப்பது படித்த படிப்பு ஒன்றுதான்.

நம் வீட்டில்?

சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை பார்க்கும் தமிழர் வீடுகளில் பிள்ளைகள் தெலுங்கும் இங்கிலீஷும் படிக்கிறார்கள். அது வேண்டியதுதான், பிழைக்கிற இடத்து மொழி. ஆனால் தமிழில் பேசத் தெரிந்த பையன், பாட்டி போட்ட கடிதத்தை எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் அப்பாவிடம் நீட்டுகிறான். அப்பாவுக்கோ நேரம் இல்லை.

குண்டூர் கிராமத்தில் கூலிக்காரர்களுக்கும் நேரம் இல்லை. ஆனாலும் உட்கார்ந்தார்கள். பத்துப் பேர், ஒரு அறை, வாரத்தில் ஒரு மணி நேரம். ஹீப்ருவைப் போலத் தேசம் தேசமாகத் தேடிப்போக வேண்டியதில்லை நமக்கு. தமிழ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாட்டியின் கடிதத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.