ஹைப்பர், ஹைப்போ (முன்னொட்டுகள்)

ஹைப்பர், ஹைப்போ என்பவை ஆங்கிலச் சொற்களின் தொடக்கத்தில் வரும் இரு முன்னொட்டுகள். இரண்டும் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. இரண்டும் எச், வை, பி என்னும் மூன்று எழுத்துகளில் தொடங்குகின்றன. ஆனால் இவற்றின் பொருள் நேர் எதிரானது. ஹைப்பர் என்பது மேலே, மிகையாக என்றும், ஹைப்போ என்பது கீழே, குறைவாக என்றும் பொருள்படும்.

மருத்துவத்தில்

மருத்துவத்தில் இவை பெரும்பாலும் இணையாகவே வருகின்றன.

• ஹைப்பர்டென்சன் – உயர் இரத்த அழுத்தம். ஹைப்போடென்சன் – தாழ் இரத்த அழுத்தம்.
• ஹைப்பர்தைராய்டிசம் – தைராய்டு மிகையாகச் சுரத்தல்; ஹைப்போதைராய்டிசம் – தைராய்டு குறைவாகச் சுரத்தல்.
• ஹைப்பர்கிளைசீமியா – இரத்தத்தில் சர்க்கரை மிகுதல். ஹைப்போகிளைசீமியா – சர்க்கரை குறைதல்.
• ஹைப்பர்தெர்மியா – உடல் வெப்பம் அளவுக்கு மீறி உயர்தல். ஹைப்போதெர்மியா – உடல் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குதல்.

குழப்பத்தால் வரும் தீங்கு

இந்த இணைகளில் ஒன்றுக்குரிய சிகிச்சை மற்றொன்றுக்குத் தீங்காகும். நீரிழிவு நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் அது ஹைப்போகிளைசீமியா. நோயாளி விழிப்புடன் இருந்தால் உடனே சுமார் 15 கிராம் குளுக்கோசோ சர்க்கரையோ கொடுக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த நிலையிலோ அதைக் குறைக்க இன்சுலின் தேவைப்படலாம். சர்க்கரை குறைந்திருப்பவருக்குத் தவறுதலாக இன்சுலின் செலுத்தினால் சர்க்கரை மேலும் இறங்கி, நினைவிழப்பும் உயிராபத்தும் ஏற்படக்கூடும். விரைவாகப் பேசும்போதும் கையால் எழுதும்போதும் இவ்விரு சொற்களும் ஒன்றுபோலத் தோன்றுவதால், சொல்லுடன் அளவையும் சேர்த்துக் குறிப்பிடுவது பாதுகாப்பானது.

பிற துறைகளில்

செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் குறிக்கும் ஹைப்பாட்டனியூஸ் என்னும் சொல்லில் இருப்பதும் ஹைப்போ என்னும் முன்னொட்டே. செங்கோணத்துக்குக் கீழே நீண்டு கிடக்கும் பக்கம் என்பது அதன் மூலப்பொருள். கருதுகோளைக் குறிக்கும் ஹைப்பாதசிஸ், வாதத்துக்கு அடியில் அடித்தளமாக வைக்கப்படுவது எனப் பொருள் தரும். ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்கு அடியில் மருந்தைச் செலுத்துவது. இங்கெல்லாம் ஹைப்போ குறைவைக் குறிக்காமல் இடத்தைக் குறிக்கிறது.

தொடர்பில்லாத சொற்கள்

இதே மூன்று எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொற்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவை அல்ல. ஹிப்னாட்டிசம் என்னும் சொல், தூக்கத்தைக் குறிக்கும் ஹிப்னோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நீர்யானையின் பெயரான ஹிப்போபொட்டாமஸ், ஒலியில் நெருங்கினாலும் எழுத்தில் வேறுபட்டது. அதில் வை என்னும் எழுத்துக்கு மாறாக ஐ வரும். கிரேக்கத்தில் ஹிப்போஸ் குதிரையையும், பொட்டாமோஸ் ஆற்றையும் குறிக்கும்.

நினைவில் கொள்ள

ஹைப்போ என்பதன் இறுதியில் ஓகார ஒலி உள்ளது. குறைவு எனப் பொருள்படும் 'லோ' என்னும் ஆங்கிலச் சொல்லிலும் அதே ஒலி உண்டு. 'லோ பி.பி.', 'லோ சுகர்' என்று அன்றாடம் வழங்கும் சொற்களுடன் பொருத்திக்கொண்டால், ஹைப்போ என்பது குறைவைச் சுட்டுவது என்பது மறக்காது.