‘என் அக்கவுன்ட், என் இஷ்டம்’: வேலைக்கு வேட்டு வைக்கும் ஒரே ஒரு போஸ்ட்!

2013 டிசம்பர். லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். தென்னாப்பிரிக்கா கிளம்பிய ஒரு மக்கள் தொடர்பு அதிகாரி, எய்ட்ஸையும் நிறத்தையும் வைத்து ட்விட்டரில் ஒரு வரி ‘ஜோக்’ போட்டார். ஃபாலோயர்கள் வெறும் 170 பேர். ‘யார் பார்க்கப் போறாங்க?’ என்றுதான் யாரும் நினைப்போம். சுமார் 11 மணி நேரம் கழித்து கேப்டவுனில் இறங்கி போனை ஆன் செய்தால், அவர்தான் உலக ட்ரெண்டிங். வேலையும் போனது.

நம்ம சென்னையிலும் நடந்ததா?

நடந்தது. 2020 ஜூன், கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த நேரம். அதையொட்டி சிஎஸ்கே அணியின் மருத்துவர் போட்ட ட்வீட் சர்ச்சையானது. ‘இது நிர்வாகத்துக்குத் தெரியாமல் போடப்பட்டது’ என்று வருத்தம் தெரிவித்த சிஎஸ்கே, அவரை சஸ்பெண்ட் செய்தது. போட்டது அவரது சொந்தக் கணக்கில்தான்.

கருத்துச் சுதந்திரம் இருக்கே?

இருக்கிறது. ஆனால் அரசியலமைப்பின் 19-வது பிரிவு, முக்கியமாக அரசிடமிருந்து நம்மைப் பாதுகாப்பது. ஆன்லைன் பதிவுகளுக்காகக் கைது செய்ய உதவிய 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் அந்த உரிமையின் பேரில்தான். தனியார் கம்பெனி கதையே வேறு. ‘நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் வரக் கூடாது’ என்ற நிபந்தனை உங்கள் ஆஃபர் லெட்டரிலேயே இருக்கலாம். சட்டப்படி குற்றமில்லாத பதிவுகூட அதன்படி தவறாகலாம். அரசு ஊழியர்களுக்குத் தனியாக நடத்தை விதிகளே உண்டு.

பழைய போஸ்ட்டுமா?

ஆமாம். 2021 ஜூனில் லார்ட்ஸில் அறிமுகமான இங்கிலாந்து பவுலர் ஆலி ராபின்சன், டீன் ஏஜில் போட்ட இனவெறி ட்வீட்களுக்காக அந்த டெஸ்ட் முடிந்ததும் சஸ்பெண்ட் ஆனார். பழைய ட்வீட்களால் 2018-ல் டிஸ்னி நீக்கிய இயக்குநர் ஜேம்ஸ் கன்னை, 2019-ல் அதே டிஸ்னி திரும்ப அழைத்தது. ராபின்சனும் மீண்டும் ஆடினார். ஒரு தப்புக்கு ஆயுள் தண்டனை கூடாது என்பது நியாயம்தான். ஆனால் மாதச் சம்பளத்தையும் இஎம்ஐ-யையும் நம்பி ஓடும் நமக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்குமா?

என்ன செய்யலாம்?

* மேனேஜர் மீது கோபமா? எழுதுங்க, ஆனா டிராஃப்ட்டில் வைங்க. காலையில் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.
* ‘கருத்துகள் என் சொந்தக் கருத்துகளே’ என்று பயோவில் போடுவது கவசம் அல்ல.
* வாட்ஸ்அப் குரூப், ‘க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்’ எதுவும் ரகசியம் இல்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.
* கஸ்டமர் விவரம், ஆபீஸ் ஸ்கிரீன், ஐடி கார்டு தெரியும் செல்ஃபி வேண்டாம்.
* எக்ஸ் தளத்தின் ‘அட்வான்ஸ்டு சர்ச்’சில் உங்கள் யூசர்நேமையும் காலேஜ் படித்த வருடங்களையும் போட்டுப் பாருங்கள். அடுத்த இன்டர்வியூவுக்கு முன் ஹெச்.ஆர் தேடுவதைவிட, இன்றைக்கு நீங்களே தேடிவிடுவது நல்லது.