முள்ளெலிப் புரதமும் கொலஸ்ட்ராலும்

ஜொகூரில் செம்பனையை அறியாதவர் இலர். பாசிர் கூடாங் ஆலைகளில் தூய்மை செய்யப்பெறும் செம்பனை எண்ணெய் பல நாடுகளுக்கும் செல்கிறது. சமையல் எண்ணெய்ப் போத்தல்களில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சிட்டிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். அது மெய்யே. செடிகொடிகளில் கொலஸ்ட்ரால் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆயினும் இத்தகைய சொற்களைப் படித்துப் படித்து, கொலஸ்ட்ரால் என்றாலே நஞ்சு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இரத்தத்தில் அது மிகுந்தால் கேடு விளையும் என்பதில் ஐயமில்லை. ஆனால், தாயின் வயிற்றில் வளரும் கருவுக்கு இரண்டு கண்களும் ஐந்து விரல்களும் முறையாக அமைவதற்கு அதே கொலஸ்ட்ரால் துணை செய்கிறது. அஃது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

கரு முதலில் ஒரே உயிரணு. பின்னர் அது பலவாகப் பெருகுகிறது. அவற்றுள் எது விரலாவது, எது நரம்பாவது என்பதை உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி விடுத்தே முடிவு செய்கின்றன. இச்செய்திகளைச் சுமந்து செல்லும் புரதங்களைத் தூதுப் புரதங்கள் எனலாம். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘ஹெட்ஜ்ஹாக்’, அதாவது முள்ளெலி. கிறிஸ்டியானே நியூஸ்லைன்-வோல்ஹார்டு, எரிக் வீஷாஸ் என்னும் அறிஞர் இருவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பழ ஈக்களை ஆராய்ந்து, தம் முடிவுகளை 1980ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குறிப்பிட்ட ஒரு மரபணு பழுதுபட்டபோது, ஈயின் புழுப்பருவத்தில் அடிப்பகுதி முழுவதும் முட்கள் அடர்ந்து தோன்றின. அதனால் அம்மரபணுவுக்கு இப்பெயர் ஏற்பட்டது. அவ்விருவருக்கும் 1995இல் நோபெல் பரிசு கிடைத்தது. மனிதரிடம் இவ்வகைப் புரதங்கள் மூன்று உள்ளன. ஒன்றின் பெயர் ‘இந்திய முள்ளெலி’. மற்றொன்று ‘சோனிக்’, இது கணினி விளையாட்டொன்றின் நாயகன் பெயர்.

இப்புரதத்தின் வியப்பான இயல்பு யாதெனின், அது தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறது என்பதே. பொதுவாக ஒரு புரதத்தை வெட்ட வேறொரு நொதி வேண்டும். தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கச் சொன்னால், அது பிறவினை, இதுவோ தன்வினை.

மனிதரின் சோனிக் புரதம் 462 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாகப் பிறக்கிறது. அதன் முன்பகுதி தூது. பின்பகுதி வெட்டும் கருவி. இரண்டும் கூடும் எல்லையில், 197ஆம் இடத்தில் கிளைசினும் 198ஆம் இடத்தில் சிஸ்டீனும் நிற்கின்றன. சிஸ்டீனில் உள்ள கந்தகம் கிளைசினைப் பற்றும்போது, அவ்விரண்டையும் இணைத்திருந்த உறுதியான பிணைப்பு எளிதில் அவிழக்கூடிய பிணைப்பாகத் திரிகிறது. அவ்வேளையில் கொலஸ்ட்ரால் வந்து, தன்னிடமுள்ள ஆக்சிஜனால் கிளைசினைப் பற்றிக் கந்தகத்தை விலக்கிவிடுகிறது. முன்பகுதி விடுபடுகிறது; விடுபடும்போதே அதன் வாலில் கொலஸ்ட்ரால் ஒட்டிக்கொள்கிறது. ‘மரம்’ என்பதும் ‘கிளை’ என்பதும் புணர்ந்து ‘மரக்கிளை’ ஆகும்போது, மகரம் கெட, அவ்விடத்தில் ககரம் தோன்றுகிறதன்றோ? அதுபோல இங்கும் ஒன்று நீங்கும் இடத்தில் மற்றொன்று வந்து அமைகிறது. வெட்டுதலும் ஒட்டுதலும் ஒரே செயலின் இரு முகங்கள். பணி முடிந்த பின்பகுதி உயிரணுவுக்குள்ளேயே சிதைக்கப்படுகிறது.

புரதம் தன்னைத் தானே வெட்டிக்கொள்வது 1994இல் வெளியாயிற்று. ஒட்டிக்கொள்ளும் பொருள் கொலஸ்ட்ராலே என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிலிப் பீச்சி குழுவினர் 1996இல் மெய்ப்பித்தனர்.

தூது செல்ல வேண்டிய புரதத்துக்குக் கொழுப்பு எதற்கு? உயிரணுவின் மேலுறை கொழுப்பாலானது. ஆகவே கொலஸ்ட்ரால் ஒட்டிய புரதம் துறையில் கட்டிய படகுபோல் அவ்வுறையிலேயே தங்கிவிடும். தூதனைக் கட்டிப்போடலாமா என்று கேட்கத் தோன்றும். இச்செய்தி எங்கும் ஒரே அளவில் பரவலாகாது. அருகில் மிகுந்தும் தொலைவில் குறைந்தும் இருத்தல் வேண்டும். கருவின் கையில் இப்புரதம் சுண்டுவிரல் பக்கத்தில் சுரக்கிறது. அதன் அளவும் அது கிடைக்கும் காலமும் விரல்களை வேறுபடுத்துகின்றன. பெருவிரலுக்கோ அது தேவையே இல்லை. கட்டுத்தறி இருப்பதால்தான் இவ்வளவு காக்கப்படுகிறது. கட்டை அவிழ்த்து வெளியே அனுப்புவதற்கு ‘டிஸ்பாட்ச்டு’ என்னும் வேறொரு புரதம் துணை நிற்கிறது.

இத்துறையில் இந்திய ஆய்வாளரின் பங்கும் உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த சத்யஜித் மேயர், கே. விஜயராகவன் ஆகியோர் இடம்பெற்ற குழு, 2008இல் பழ ஈயில் செய்த ஆய்வை வெளியிட்டது. உயிரணுவின் மேலுறையில் இப்புரதங்கள் தனித்தனியே நில்லாமல் மிகச் சிறு கூட்டங்களாகச் சேர்ந்து நிற்பதை அவர்கள் கண்டனர். ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றிக் கூட்டம் சேராதபடி செய்தபோது, தூது அண்டை உயிரணுக்களை எட்டியது. தொலைவில் உள்ளவற்றை எட்டவில்லை.

இம்முறை பிறழ்ந்தால் விளைவு கொடிது. சோனிக் மரபணு பழுதுபட்டால் மூளை இரு கூறாகப் பிரியாத பிறவிக் குறை உண்டாகலாம் என்பது 1996இல் தெரிய வந்தது. அக்குறை முற்றிய நிலையில் முகத்தில் ஒரே கண் அமையும். தூதாகச் செல்லாத பின்பகுதியில் உண்டாகும் பழுதும் இக்குறைக்குக் காரணமாகலாம். வெட்டும் கருவி கெட்டால் தூதும் கெடும். வளர்ந்தவரிடமோ, தூது வராதபோதும் வந்ததுபோல் உயிரணுக்கள் இயங்கினால் ஒருவகைத் தோற்புற்று தோன்றுகிறது. தூதைப் பெறும் இடத்துக்கு அடுத்த நிலையில் நின்று செய்தியை உயிரணுவுக்குள் கடத்தும் புரதத்தை அடைக்கும் ‘விஸ்மோடெகிப்’ என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2012இல் ஒப்புதல் அளித்தது.

உணவில் கிடைக்காவிட்டாலும் நம் உடல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே ஆக்கிக்கொள்கிறது. இரத்தக் குழாயில் படிந்து அடைப்பை உண்டாக்குவதும், தூதுப் புரதத்தின் வாலில் அமர்ந்து குழந்தைக்கு உருவம் அமையத் துணை செய்வதும் அதுவே. ஆதலின், மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும்போது நஞ்சென்றோ அமுதென்றோ ஒரே சொல்லில் முடித்துவிடாமல், எவ்விடத்தில், எவ்வளவு என்று கேட்கப் பழக்குதல் நலம்.